வேலையை விட்டால் வேறெங்கும் சேரக் கூடாதா? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

நோட்டீஸ் காலம் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. "வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டோம், இப்போது என்ன செய்வது? கோவை நீதிமன்றத்தில் சிவில் வழக்குகளும் வேலை தொடர்பான வழக்குகளும் நடத்துகிறவள் நான். இந்தக் காகிதங்கள் என் மேஜைக்கு அடிக்கடி வருகின்றன. அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயரையும் கம்பெனிகளின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரு பம்பு கம்பெனியில் 6 வருடம் டிசைன் இன்ஜினியராக இருந்தேனுங்க. சேரும்போதே 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்ட 2 வருடத்துக்குள் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பம்பு, மோட்டார் செய்யும் எந்தக் கம்பெனியிலும் சேரக் கூடாது, சேர்ந்தால் 5 லட்சம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்து, ரிலீவிங் ஆர்டர் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். இப்போது அரசூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பழைய கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மனைவிக்கு ஏழாம் மாதம். மாமனார், "வம்பு வேண்டாம் மாப்பிள்ளை, புது வேலையை விட்டுடுங்க, ரெண்டு வருஷம் தோட்டத்தைப் பார்த்துக்கலாம்" என்கிறார். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன்.
— கணபதி வாசகர்

பதில்: புது வேலையை விடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. சட்டப்படியான ஒரு தொழிலையோ வேலையையோ வியாபாரத்தையோ ஒருவர் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அப்படித் தடுக்கும் அளவுக்குச் செல்லாது என்கிறது அதன் 27-ஆவது பிரிவு. சட்டம் வந்த இரண்டே ஆண்டில், 1874-இல், கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரே வட்டாரத்தில் இரண்டு வியாபாரிகள். "நீ இங்கே கடையை மூடு, நான் பணம் தருகிறேன்" என்று ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர் மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். அந்த ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஊர் முழுக்கத் தடுத்தாலும் சரி, ஒரு வட்டாரத்தில் மட்டும் தடுத்தாலும் சரி, தடை தடைதான் என்றார்கள்.

உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம். இங்கிலாந்தில் இப்படி ஒரு ஷரத்து வந்தால், காலமும் தூரமும் நியாயமாக இருக்கின்றனவா என்று நீதிபதி அளந்து பார்ப்பார். நம் சட்டம் அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்ளவில்லை. 2 வருடம் நியாயமா, 3 மாவட்டம் அதிகமா என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. 1980-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கிருஷன் முர்காய் வழக்கிலும், வேலையை விட்ட 2 ஆண்டுக்குப் போட்டித் தொழில் கூடாது என்ற ஷரத்துதான். வேலை முடிந்த பிறகு வரும் தடை 27-ஆவது பிரிவின்படி செல்லாது, நியாயமா இல்லையா என்று பார்க்கத் தேவையே இல்லை என்று நீதிபதி ஏ.பி. சென் விரிவாக எழுதினார். மற்ற இரு நீதிபதிகள் ஒப்பந்த வாசகத்தை வைத்தே கம்பெனிக்கு எதிராக முடிவு சொன்னார்கள். அப்புறம் 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு. அவருடைய விளம்பர வேலைகளைக் கவனித்த நிறுவனம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது என்றது. காலம் முடிந்தபின் அந்தப் பிடி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முத்திரைத்தாளில் எழுதினால் வலு கூடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. செல்லாத ஷரத்தை எந்தத் தாளில் எழுதினாலும் அது செல்லாது. 5 லட்சமும் அந்த ஷரத்தில் தொங்கிக்கொண்டிருப்பதுதான், தனியாக நிற்காது.

நீங்கள் அனுப்பிய நகலை வரி வரியாகப் படித்தேன். நான்காம் பக்கத்தில் "நிறுவனத்தின் சோர்ஸ் கோடை வெளியிடக் கூடாது" என்று இருக்கிறது. பம்பு கம்பெனியில் சோர்ஸ் கோடு ஏது? எங்கோ ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் படிவத்தை எடுத்து, பெயரையும் மாவட்டத்தையும் மாற்றி உங்களிடம் நீட்டியிருக்கிறார்கள். முதல் நாள் வேலைக்கு வந்தவன் படித்துப் பார்க்க மாட்டான் என்ற தைரியம்தான். இப்படிப்பட்ட ஷரத்துகள் பெரும்பாலும் கோர்ட் படி ஏறுவதே இல்லை. நோட்டீஸ் வீட்டுக்கு வந்து, மாமனார் பயந்து, மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போய்விட்டால் அவர்கள் நினைத்தது நடந்துவிடும். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 150 வருடமாகச் செல்லாது என்று இருக்கும் ஒன்றைக் காட்டி, ஆறு வருட அனுபவத்தை வீட்டில் முடக்கப் பார்க்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள். ஒரு வக்கீல் மூலம், அதில் சொன்ன கெடுவுக்குள், சுருக்கமாகப் பதில் கொடுங்கள்: 27-ஆவது பிரிவின்படி ஷரத்து செல்லாது, கம்பெனியின் வரைபடம், கோப்பு எதுவும் என்னிடம் இல்லை, முறைப்படி விடுவிக்கப்பட்டேன். அவ்வளவு போதும், கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். கூடவே நீதிமன்றத்தில் கேவியட் மனு ஒன்று போட்டு வையுங்கள். அவர்கள் தடையாணை கேட்டு வந்தால் உங்களையும் கேட்காமல் உத்தரவு போட மாட்டார்கள். அது 90 நாள் செல்லும். புதுக் கம்பெனியின் எச்.ஆரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் தனியாக ஒரு நோட்டீஸ் போயிருக்கக்கூடும், உங்கள் வாயால் முதலில் கேட்பதுதான் நல்லது.

"கைவசம் எதுவும் இல்லை" என்று எழுதும் முன் அது உண்மைதானா என்று பாருங்கள். பழைய கம்பெனியின் இம்பெல்லர் வரைபடமோ, வைண்டிங் டேட்டாவோ உங்கள் பென் டிரைவிலோ சொந்த மெயிலிலோ இருந்தால், பதில் அனுப்பும் முன் உங்கள் வக்கீலிடம் சொல்லி, முறையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு 27-ஆவது பிரிவு காவல் நிற்காது. இதைக் கீழே திருப்பூர் வாசகிக்கு விரிவாக எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

இன்னொன்று. 6 வருடம் முடித்திருக்கிறீர்கள், கிராஜுவிட்டி உங்களுக்கு உண்டு. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். போட்டிக் கம்பெனிக்குப் போனான் என்பதற்காக அதை நிறுத்த முடியாது. கொடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் அதையும் பதிலிலேயே கேளுங்கள்.

கேள்வி: கரூரில் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் வேலை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் சிநேகிதர் பட்டறையில் இதே வேலையைச் செய்கிறேன். கம்பெனியில் தெரிந்துபோய், "வேலையில் இருக்கும்வரை வேறிடத்தில் இதே தொழில் செய்யக் கூடாது" என்று எழுதிக் கொடுத்ததைக் காட்டுகிறார்கள். நீங்கள் அடிக்கடி சொல்லும் 27-ஆவது பிரிவு எனக்கும் உதவுங்களா?
— கரூர் வாசகர்

பதில்: உதவாது. வேலையை விட்ட பிறகு வரும் தடை வேறு, வேலையில் இருக்கும்போதே உள்ள தடை வேறு. சம்பளம் வாங்கும் இடத்துக்கு உழைப்பும் விசுவாசமும் கொடுக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஏற்கிறது.

1967-இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கல்யாணில் டயர் கார்டு நூல் செய்யும் ஆலை. வெளிநாட்டுக் கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கி, ரகசியம் காப்போம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர் 5 வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுப் பயிற்சியும் வாங்கிக்கொண்டு, பாதியிலேயே விட்டுவிட்டுக் கோட்டாவில் உள்ள போட்டி ஆலையில் சேர்ந்தார். அந்த 5 வருடக் கெடு முடியும்வரை அங்கே வேலை செய்யக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பல கம்பெனி வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் நோட்டீஸில் போடுகிறார்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் நடந்த கதை அது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சிநேகிதர் பட்டறை வேலையை நிறுத்துங்கள், அல்லது கம்பெனியில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். இப்போது அவிநாசி ரோட்டில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். பழைய கம்பெனியின் பையர் ஒருவர் தானாகவே என்னை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "இப்போது எங்கே இருக்கிறாய், அங்கே ஆர்டர் தரலாமா" என்று கேட்கிறார். பழைய முதலாளி காதுக்கு இது போய், "என் பையரைத் திருடிவிட்டாய், போலீஸில் கொடுப்பேன்" என்கிறார். அவர் என்னை மகள் மாதிரி வைத்திருந்தவர், அதுதான் அதிகம் வலிக்கிறது. நான் செய்தது தப்பாக்கா?
— திருப்பூர் வாசகி

பதில்: பையர் உங்களைக் கூப்பிட்டது தப்பில்லை, நீங்கள் போனை எடுத்ததும் தப்பில்லை தங்கச்சி. பையர் யாருடைய சொத்தும் இல்லை. அவருக்கு எங்கே நேரத்துக்கு ஷிப்மென்ட் ஆகிறதோ, எங்கே சாம்பிள் ஒழுங்காக வருகிறதோ, அங்கே ஆர்டர் கொடுப்பார். 2006-இல் ஒரு வங்கி, தன்னிடமிருந்து விலகிய ஊழியர்மேல் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாடிக்கையாளர் விவரம் ரகசியம் என்று சொல்லி, ஓர் ஊழியர் நல்ல வேலை தேடிப் போவதைத் தடுத்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வரும்போது என்ன எடுத்து வந்தீர்கள்?

30-ஆம் நம்பர் கோம்டு நூலுக்கு நிட்டிங் கூலி என்ன, டையிங்கில் எவ்வளவு வேஸ்டேஜ் போகும், இந்த ஜிஎஸ்எம்முக்கு ஒரு டி-ஷர்ட்டில் எத்தனை கிராம் துணி நிற்கும், எந்தக் கலர் முதல் துவைப்பிலேயே சாயம் விடும், இதெல்லாம் நீங்கள் வேலை பார்த்துக் கற்றது. உங்கள் தலையில் இருக்கிறது, உங்களோடு வரும். எந்த முதலாளியும் அதைக் கழற்றி வாங்கிக்கொள்ள முடியாது. அந்த பையருக்கென்று அந்த கம்பெனி போட்ட காஸ்டிங் ஷீட், டெக் பேக் (ஆடையின் அளவு, தையல் விவரங்கள் அடங்கிய கோப்பு), பேட்டர்ன், அடுத்த சீசனுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் விலை, இதெல்லாம் கம்பெனியுடையது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, வேலையின் பகுதியாக நீங்கள் வரைந்ததும் எழுதியதும்கூட, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். வேலையை விடும் நாளில் அந்த ஃபைல்களை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பியிருந்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவுக்குள் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று நிரூபித்தால் 66-ஆவது பிரிவு, 3 ஆண்டு வரை சிறைகூட உண்டு. 1995-இல் டில்லியில், தபால் மூலம் பொருள் விற்கும் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அதே தொழிலைத் தொடங்கிய முன்னாள் ஊழியரை, அந்தப் பட்டியலைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது.

சில விஷயங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். போன வாரம் பழைய கம்பெனி அந்த பையருக்குக் கொடுத்த விலை உங்களுக்கு மனப்பாடம். காகிதமாக எடுத்து வரவில்லை, ஆனால் தெரியும். அந்த ஆர்டருக்கு ஐந்து சென்ட் குறைத்து விலை கொடுத்து வாங்கினால், ரகசியத்தைப் பயன்படுத்தினீர்கள் என்று வாதாட அவர்களுக்கு இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த ஒரு சீசனுக்கு அந்த பையரின் காஸ்டிங்கை உங்கள் புதுக் கம்பெனியில் வேறொருவர் போடட்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. திருப்பூரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஊர்.

லேப்டாப், போன், சாம்பிள் எல்லாம் ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கியிருந்தால் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. வாங்கவில்லை என்றால் இன்றே மெயில் போட்டுக் கேளுங்கள். அந்த முதலாளியிடம் நேரில் போய் ஒரு முறை பேசவும் சொல்வேன். மகள் மாதிரி வைத்திருந்தவர் என்றால், வாட்ஸ்அப்பில் கூப்பிட்டது பையர்தான் என்று அந்தச் செய்தியைக் காட்டினாலே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

கேள்வி: குறிச்சி சிட்கோவில் சின்னதாக மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன், இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் உலோகம் வெட்டும் மெஷின்). நீங்கள் தொழிலாளி பக்கமே பேசுகிறீர்கள் வக்கீலம்மா, எங்கள் பாட்டையும் கேளுங்கள். ஐடிஐ முடித்து வந்த பையனுக்குப் புரோகிராம் போடச் சொல்லிக் கொடுத்தேன், பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினேன், தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் நான். எட்டாம் மாதம் பக்கத்து வீதிக்காரர் 4,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்து இழுத்துக்கொண்டார். பையன் 3 வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், விட்டால் 3 லட்சம். அவனைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? வீதியில் உள்ள முதலாளிகள் எல்லாம் சேர்ந்து, ஒருவர் ஆளை இன்னொருவர் எடுக்க மாட்டோம் என்று எழுதிக்கொண்டால் என்ன?
— குறிச்சி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆபரேட்டர் இல்லாமல் ஒரு மெஷின் சும்மா நிற்கும், வங்கித் தவணை நிற்காது. உங்களுக்கு ஆர்டர் கொடுப்பவர் டெலிவரி தேதியை மாற்ற மாட்டார். இந்தச் சங்கடம் நிஜமானது, இதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. நீங்கள் கேட்ட வடிவத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பையனைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலை செய்யச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. 1963-ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. ஏன் கோலிகரி வழக்கைப் பிடித்துக்கொண்டு தடையாணை கேட்கக் கூடாது என்பீர்கள். அங்கே இருந்தது வெளியே எங்கும் கிடைக்காத ஆலை ரகசியம். விஎம்சி புரோகிராமை நம் ஊரில் தெருவுக்குத் தெரு கற்றுக்கொள்கிறார்கள். தடையாணை கிடைப்பது கஷ்டம்.

பணம் கேட்கலாம். 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்ந்த அதிகாரி ஒருவர் இடையிலேயே வேறு வங்கிக்குப் போனார், எதிர்ப்புத் தெரிவித்துப் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். அந்த நிபந்தனை 27-ஆவது பிரிவுக்கு விரோதமில்லை, அவர் வேறு வேலைக்குப் போவதை அது தடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆளெடுக்கத் தேர்வு நடத்தும் செலவு, அதிகாரியின் சம்பள நிலை இதையெல்லாம் பார்த்து 2 லட்சம் அதிகமில்லை என்றும் முடிவு செய்தது.

அதை வைத்து 3 லட்சமும் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை என்பது உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். பெங்களூர்ப் பயிற்சிக் கட்டணம், பஸ் டிக்கெட், லாட்ஜ் பில், இவற்றை வைத்திருந்தால் அந்த அளவுக்குக் கேட்க வழி இருக்கிறது. "நான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன்" என்பதை ரூபாயாக்கிக் காட்டுவது கடினம். இன்னொன்றையும் பாருங்கள்: கையெழுத்துப் போட்ட நாளில் பையனுக்கு 18 நிரம்பியிருந்ததா? ஐடிஐ முடித்து நேராக வருகிற பிள்ளைகள் பலருக்கு நிரம்பியிருக்காது. நிரம்பவில்லை என்றால் அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாது.

அடுத்த பையனை எடுக்கும்போது இப்படி எழுதுங்கள். பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவு 60,000 என்றால், 24 மாதத்தில் அது கழியும், மாதம் 2,500 குறையும் என்று எழுதுங்கள். எட்டாம் மாதம் முடிந்து போனால் 40,000 பாக்கி. அது நியாயமாகத் தெரியும், நீதிபதியும் ஏற்பார், பையனின் அப்பாவும் ஏற்பார். தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஒரு நகலைக் கையில் கொடுங்கள். கஸ்டமர் கொடுத்த வரைபடங்களுக்கு நம்பர் போட்டு, யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு நோட்டில் பதியுங்கள். வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் இன்னும் தனிச் சட்டம் இல்லை. கொண்டுவரலாம் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-ஆவது அறிக்கையில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் ரகசியமாகக் கொடுத்த வரைபடத்தை எடுத்துத் தன் பெயரில் இயந்திரம் செய்தவரை நீதிமன்றம் தடுத்ததுண்டு. கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரம் பற்றிய 1987-ஆம் ஆண்டு டில்லி வழக்கு ஒரு நல்ல உதாரணம். வரைபடம் ரகசியமாகக் கொடுக்கப்பட்டது என்று காட்ட முடிந்ததால்தான் அது நடந்தது. உங்கள் நோட்டு அதற்குத்தான்.

வீதி முதலாளிகள் சேர்ந்து எழுதிக்கொள்ளும் யோசனை வேண்டாம். கையெழுத்துப் போடாத பையனை அது கட்டாது. கூலியை ஏற விடாமல் முதலாளிகள் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் கேள்வியும் வரலாம். பக்கத்து வீதிக்காரர் 4,000 சேர்த்துக் கொடுக்க முடிகிறது என்றால், பயிற்சி முடிந்த பையனின் சந்தை விலை அதுதான் போலிருக்கிறது. பயிற்சி முடித்து வந்த மாதமே நீங்கள் 2,000 ஏற்றிக் கொடுத்திருந்தால் அவன் இருந்திருப்பானா என்று கொஞ்சம் யோசியுங்கள். சில பட்டறைகளில் ஆட்கள் இருபது வருடம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், எந்த பாண்டும் இல்லாமல்.

கேள்வி: ஈரோட்டில் நான் நடத்திய மிக்சர், காரக் கடையைப் பெயரோடு விற்றுவிட்டேன். "5 வருடத்துக்கு ஈரோடு மாநகராட்சி எல்லைக்குள் இதே தொழில் செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடம்தான் ஆகிறது, சும்மா உட்கார முடியவில்லை. அதுவும் செல்லாதுதானே?
— ஈரோடு வாசகர்

பதில்: உங்களுடையது செல்லும். 27-ஆவது பிரிவிலேயே இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. தொழிலின் நற்பெயரைச் சேர்த்து விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று வாங்கியவரிடம் ஒப்புக்கொள்ளலாம். வாங்கியவர் அந்தத் தொழிலை நடத்தும்வரை அது நிற்கும், எல்லை நியாயமாக இருக்க வேண்டும். காரணம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. உங்கள் கடைப் பெயருக்குத்தானே அவர் விலை கொடுத்தார்? எதிர்ச்சாரியில் நீங்களே கடாய் வைத்தால் அவர் கொடுத்த பணத்துக்கு என்ன பொருள்?

மாநகராட்சி எல்லை, 5 வருடம் என்பது நியாயமாகவே தெரிகிறது. பவானியிலோ கோபியிலோ போடலாம், ஆனால் விற்ற பெயரை அங்கேயும் தொடக் கூடாது. மகன் பெயரில் ஈரோட்டிலேயே போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். மகன் தன் சொந்தப் பணத்தில், தன் பொறுப்பில் போட்டால் உங்கள் கையெழுத்து அவரைக் கட்டாது. பணமும் உங்களுடையது, கல்லாவில் உட்காருவதும் நீங்கள் என்றால் நீதிமன்றம் திரைக்குப் பின்னால் பார்க்கும்.

கூட்டாளிகளுக்கும் ஒரு வரி. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், விலகும் கூட்டாளியைக் குறிப்பிட்ட காலத்துக்கு அல்லது எல்லைக்குள், நியாயமான அளவுக்குத் தடுத்து எழுதிக்கொள்ள அனுமதிக்கிறது. சம்பளக்காரருக்குத்தான் அந்தத் தடை செல்லாது.

கேள்வி: நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். மகன் டெக்சாஸில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அவனும் இதே மாதிரி ஓராண்டுக்குப் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறானாம். அமெரிக்காவில் இதைத் தடை செய்துவிட்டார்கள் என்று 2024-இல் செய்தியில் பார்த்தேனே?
— நாமக்கல் வாசகர்

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான், ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2024 ஏப்ரலில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் நாடு முழுக்க இத்தகைய ஒப்பந்தங்களைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. நடைமுறைக்கு வரும் முன்பே, ஆகஸ்ட்டில், டெக்சாஸில் உள்ள ஒரு மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியாவில் நம் ஊர் மாதிரியே செல்லாது, அவர்களுடைய சட்டமும் நம்முடைய 1872-ஆம் ஆண்டிலேயே வந்ததுதான். மினசோட்டாவில் 2023 ஜூலை முதல் போடும் ஒப்பந்தங்கள் செல்லாது. உங்கள் மகன் இருக்கும் டெக்சாஸில், காலமும் இடமும் நியாயமாக இருந்தால் செல்லும். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் ராஜினாமா செய்துவிடக் கூடாது. அங்குள்ள வக்கீலிடம் காகிதத்தைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

கேள்வி: பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். சேரும்போது பத்தாவது, பிளஸ் டூ, பி.எஸ்சி. சான்றிதழ் ஒரிஜினல் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது விலகிவிட்டேன். போட்டிக் கம்பெனிக்குப் போக மாட்டேன் என்று புதிதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழும் கடைசி மாதச் சம்பளமும் தருவார்களாம். அப்பா தறி ஓட்டுகிறார், வழக்குக்கெல்லாம் வசதி இல்லைங்க.
— பெருந்துறை வாசகி

பதில்: கையெழுத்துப் போடாதேம்மா. சான்றிதழ் உன்னுடையது. அது விற்கிற பொருளும் அல்ல, அடகு வைத்த பொருளும் அல்ல, அதைப் பிடித்து வைக்கும் உரிமை முதலாளிக்குக் கிடையாது. சம்பளத்துக்கும் நிபந்தனை போட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்கு வர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். பணம் உன் யு.ஏ.என். எண்ணில் இருக்கிறது, அதை அவர்கள் தொட முடியாது.

வழக்குக்கு முன் ஒரு கடிதம். கீழே உள்ளதை உன் கையாலேயே எழுது, வக்கீல் தேவையில்லை:

"நான் தங்கள் நிறுவனத்தில் பணியாற்றி, இந்தத் தேதியில் விலகினேன். பணியில் சேர்ந்தபோது ஒப்படைத்த என் அசல் சான்றிதழ்கள் கீழே பட்டியலில் உள்ளன. அவற்றையும் எனக்கு வர வேண்டிய சம்பளத்தையும் இந்தக் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றைத் திருப்பித் தருவதற்குப் புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும் என்று வாய்மொழியாகக் கூறப்பட்டது. அதற்கு நான் உடன்படவில்லை."

சான்றிதழ் ஒவ்வொன்றின் பதிவெண்ணையும் பட்டியலில் எழுது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள், அதே கடிதத்தை எச்.ஆர். மெயிலுக்கும் போடு. வாங்கியபோது அவர்கள் கொடுத்த ஒப்புகைச் சீட்டோ, வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் படம் எடுத்து வை. 7 நாளில் பதில் இல்லை என்றால் ஈரோட்டில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சம்பளத்துக்கு மனு கொடு, சான்றிதழுக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடு. வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாது என்று தயங்காதே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். ஆதார் அட்டையையும் இந்தக் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு போ.